"அந்த டெஸ்ட்டா... அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர்!" - பெண்களின் தயக்கத்துக்கு ஒளியால் விடை தேடும் நிர்மலா ராமானுஜம்

காலை எட்டு மணி. அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கையில் சாப்பாட்டுப் பையும் தோளில் கைப்பையுமாக இறங்கும் பெண்கள், ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் கம்பெனிக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நடக்கிறார்கள். அதே நேரத்தில் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கல்லூரி பஸ்கள் பறக்கின்றன. அந்த பஸ்களில் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் படிக்கும் மாணவிகளும் உண்டு.

தையல் மெஷினில் உட்காரப்போகும் அம்மாவுக்கும், லேசரைப் பற்றிப் படிக்கப்போகும் மாணவிக்கும் என்ன தொடர்பு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கும் ஒரு சின்ன உரையாடலில் பதில் இருக்கிறது.

"பிரஷர் நார்மல், சுகர் நார்மல். முப்பது வயசு தாண்டிடுச்சுல்ல... அப்படியே கர்ப்பப்பைவாய் டெஸ்ட்டும் எடுத்துக்கங்கம்மா."

"அதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். அடுத்த வாரம் வர்றேன்."

அந்த 'அடுத்த வாரம்' பலருக்கு வருவதே இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஒரு முறையாவது கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவிகிதம்தான். இந்திய அளவில் இது 1.9 சதவிகிதம். நாடு முழுவதையும் பார்த்தால் நாம் முன்னால் இருக்கிறோம். ஆனாலும் நூறு பெண்களில் தொண்ணூறு பேர் பரிசோதனை மேஜை வரை வரவில்லை.

அவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியை ஓர் இன்ஜினீயரிங் கேள்வியாக எடுத்துக்கொண்டு, விடை தேடி வருபவர் நிர்மலா ராமானுஜம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர். சக விஞ்ஞானிகளுக்கு 'நிம்மி'. இந்தியக் குடும்பத்தில் பிறந்து, மலேசியாவில் வளர்ந்து, படிப்புக்காக அமெரிக்கா சென்றவர். அவருடைய ஆராய்ச்சிக்கு அடிப்படை, ஒளியைக் கையாளும் போட்டானிக்ஸ் துறை.

ரூபாய் நோட்டும் லேசரும்

கரன்ட் போன இரவில் டார்ச்சின் மேல் உள்ளங்கையை வைத்து விளையாடாத குழந்தை உண்டா? கை சிவப்பாக ஒளிரும். தோலையும் சதையையும் ரத்தத்தையும் தாண்டி வெளியே வரும் ஒளி அது. மற்ற நிறங்களை ரத்தம் பெருமளவு உறிஞ்சிக்கொள்ள, சிவப்பு மட்டும் தப்பித்து வருகிறது. உடலுக்குள் போன ஒளி வெளியே வரும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்ற தகவலையும் சுமந்துகொண்டு வருகிறது. மருத்துவ ஒளியியலின் அரிச்சுவடி இதுதான்.

இன்னொரு காட்சியையும் கடைகளில் பார்த்திருப்போம். ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டுவார்கள். நல்ல நோட்டாக இருந்தால் அதிலுள்ள இழை பளிச்சென்று ஒளிரும். நம் உடலின் திசுக்களும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி பட்டால், சில இயற்கையான வேதிப்பொருள்கள் மெலிதாக ஒளிரும். திசுவைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் அதில் ஒன்று. செல்கள் சக்தி தயாரிக்கப் பயன்படுத்தும் என்.ஏ.டி.ஹெச் இன்னொன்று. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தொடங்கும்போது இந்த ஒளிர்வு மாறுகிறது. ஆக, திசுவை வெட்டி எடுக்காமலேயே, 'இங்கே ஏதோ சரியில்லை' என்று ஒளியே சொல்லிவிடக்கூடும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நிர்மலா எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இது. வழிகாட்டி, ரெபெக்கா ரிச்சர்ட்ஸ் கார்ட்டம். 337 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளியைக் கர்ப்பப்பைவாயில் செலுத்தி, திரும்பி வரும் ஒளிர்வை அளந்தார்கள். அதை வைத்து, புற்றுநோய்க்கு முந்தைய நிலையைப் பிரித்தறிய முடியும் என்று காட்டிய கட்டுரை, 1994ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் வெளியானது. முதல் ஆசிரியராக நிர்மலாவின் பெயர். அடுத்த ஆண்டே முனைவர் பட்டம் பெற்றார்.

ஒலிம்பிக் தங்கம் வென்ற குரு

அடுத்து பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அங்கே அவருக்குக் கிடைத்த குரு, பிரிட்டன் சான்ஸ். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். ஒளியைக் கொண்டு உயிருள்ள செல்களின் சக்தி உற்பத்தியை அளக்கும் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். நிர்மலா அவரிடம் சேர்ந்தபோது சான்ஸ் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். ஆனாலும் ஆய்வகத்தைவிட்டு விலகவில்லை. 2010ல் 97 வயதில் மறைந்தார்.

2000ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி, 2005ல் டியூக். இந்தக் காலகட்டத்தில் நிர்மலாவின் கவனம் மார்பகப் புற்றுநோய்ப் பக்கமும் திரும்பியது. மார்பகத்தை முழுவதுமாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சையில் டாக்டர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. எடுத்த கட்டியின் ஓரங்களில் புற்றுநோய் செல்கள் இருந்தால், உடலுக்குள்ளும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அது பெரும்பாலும் லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் தெரியும். வீடு திரும்பிய பெண்ணை மறுபடி அழைத்து, இன்னொரு முறை அறுக்க வேண்டியிருக்கும்.

கட்டியின் ஓரத்தில் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு சிதறுகிறது என்று ஆபரேஷன் தியேட்டரிலேயே அளந்து பார்க்கும் கருவிகளை நிர்மலாவின் குழு உருவாக்கியது. கொழுப்புத் திசு ஒரு மாதிரியும் புற்றுநோய்த் திசு வேறு மாதிரியும் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதுதான் அடிப்படை.

ஆராய்ச்சிக் கட்டுரைகள், விருதுகள், காப்புரிமைகள் என்று எல்லாம் வந்தன. ஆனால் இந்தக் கருவிகளெல்லாம் பெரிய மருத்துவமனையின் பெரிய அறைகளுக்கானவை. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயோ, அந்த அறைகளை எட்ட முடியாத பெண்களைத்தான் அதிகம் கொல்கிறது.

பெரிய மெஷின் எதற்கு?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022ல் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது மெதுவாக வளரும் நோய். ஹெச்.பி.வி என்ற வைரஸ் தொற்று, உடலைவிட்டு நீங்காமல் தங்கிவிட்டால் செல்களில் மாற்றம் ஆரம்பிக்கிறது. அது புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடங்கள் ஆகும். நோயே நமக்கு அவ்வளவு அவகாசம் தருகிறது. இடையில் ஒருமுறை பார்த்துவிட்டால்கூட, சிறிய சிகிச்சையில் முடித்துவிடலாம்.

பார்ப்பதற்கான கருவியின் பெயர் கால்போஸ்கோப். ஜெர்மானிய டாக்டர் ஹான்ஸ் ஹின்செல்மேன் 1920களில் உருவாக்கியது. பெண்ணின் உடலுக்கு வெளியே, சுமார் ஓர் அடி தள்ளி நின்று, உள்ளே இருக்கும் கர்ப்பப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும். தூரத்திலிருந்து பார்ப்பதால் சக்திவாய்ந்த லென்ஸ் வேண்டும். பலமான விளக்கு வேண்டும். அதையெல்லாம் தாங்க கனமான ஸ்டாண்ட் வேண்டும். விலை பல ஆயிரம் டாலர். கிராமத்து நர்ஸ் இதைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

2013ல் டியூக்கில் உலகப் பெண்கள் நலத் தொழில்நுட்பங்களுக்கான மையத்தை நிர்மலா தொடங்கினார். கால்போஸ்கோப் விஷயத்தில் அவர் குழு எடுத்த முடிவு எளிமையானது. கேமராவை ஏன் வெளியே வைக்க வேண்டும்? பக்கத்திலேயே கொண்டுபோனால் பெரிய லென்ஸும் வேண்டாம், பெரிய விளக்கும் வேண்டாமே!

அப்படிப் பிறந்ததுதான் 'பாக்கெட் கால்போஸ்கோப்'. மெலிந்த குச்சி போன்ற கருவி. நுனியில் மொபைல்போனில் இருப்பது போன்ற குட்டிக் கேமரா, அதைச் சுற்றி எல்.இ.டி விளக்குகள். போனிலோ லேப்டாப்பிலோ இணைத்தால் படம் தெரியும். கைப்பையில் போட்டு எடுத்துப் போகலாம். விலை, பெரிய மெஷினின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

விலை குறைந்தால் தரமும் குறையுமே என்ற சந்தேகம் வரும். பெரு நாட்டின் லிமா நகரில் 200 பெண்களிடம் இரண்டு கருவிகளையும் வைத்துச் சோதித்தார்கள். பாக்கெட் கருவி, பெரிய கால்போஸ்கோப்புக்கு ஈடான முடிவுகளைக் கொடுத்தது என்ற ஆய்வு 2018ல் வெளியானது.

வாத்து அலகை விரட்டிய பூ

கருவி சின்னதாகிவிட்டது. ஆனால் 'அடுத்த வாரம் வர்றேன்' என்று சொல்லும் பெண்ணின் பயம் கேமராவைப் பற்றியதா? இல்லை. கேமராவுக்கு முன்பு உள்ளே போகும் இன்னொரு கருவியைப் பற்றியது. அதுதான் ஸ்பெகுலம்.

வாத்தின் அலகு போல இரண்டாகத் திறக்கும் உலோகக் கருவி அது. பெண்ணுறுப்பின் சுவர்களை விலக்கிப் பிடிக்கும். இன்று உலகமெங்கும் பயன்படும் வடிவத்துக்கு வேர், 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கிறது. ஜே.மரியன் சிம்ஸ் என்ற டாக்டர், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள்மீது மயக்க மருந்துகூட இல்லாமல் அறுவை சிகிச்சைகள் செய்து பார்த்தார். அனார்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் அவருடைய குறிப்புகளின் மூலம் இன்று நமக்குத் தெரியும். வளைத்த கரண்டியிலிருந்து அவர் உருவாக்கியதுதான் இந்தக் கருவிக்கு முன்னோடி. பார்ப்பவரின் வசதிக்காக வடிவமைக்கப்பட்டது. படுத்திருப்பவரை யாரும் கேட்கவில்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறாத இந்த விஷயத்தில் நிர்மலாவின் குழு கைவைத்தது. கேமராதான் உள்ளேயே போய்விடுகிறதே, பிறகு சுவர்களை அகலமாக விரிக்க வேண்டிய அவசியம் என்ன? கானாவைச் சேர்ந்த ஆய்வு மாணவி மெர்சி அசியெடு, புதிய செருகு குழலை வடிவமைத்தார். ஒரு பக்கம் சற்று நீண்டு வளைந்த அதன் நுனி, காலா லில்லிப் பூவைப் போல இருக்கும். அதனால் 'காலாஸ்கோப்' என்று பெயர் வந்தது.

15 பெண்களிடம் நடந்த முதல்கட்டச் சோதனையின் முடிவுகள் 2017ல் வெளிவந்தன. பெரும்பாலானோர், ஸ்பெகுலத்தைவிட இது சௌகர்யமாக இருக்கிறது என்றார்கள். அதைவிட முக்கியமான விஷயம், பெண்ணே தன் கையால் இதைப் பொருத்திக்கொள்ள முடியும். தன் கர்ப்பப்பைவாயைத் திரையில் தானே பார்க்கவும் முடியும்.

1994ல் லேசர் பாய்ச்சிய ஆராய்ச்சி மாணவிக்கு, ஒளி என்பது நோயைத் துல்லியமாக அளக்கும் கருவி. அதே ஒளி, இப்போது ஒரு பெண் தன் உடலைத் தானே பார்க்க உதவும் விளக்காகிவிட்டது. நிர்மலாவின் ஆராய்ச்சிப் பயணம் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, சிகிச்சையும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் அல்லவா? எத்தனாலுடன் எத்தில் செல்லுலோஸ் என்ற பொருளைக் கலந்து ஊசியாகச் செலுத்தும் முறையையும் இவர் குழு ஆராய்கிறது. உடலுக்குள் போனதும் அது கூழ் போலக் கெட்டியாகி, சுற்றிப் பரவாமல் அந்த இடத்திலேயே நின்று கட்டியின் செல்களை அழிக்கும் என்பது யோசனை. விலங்குகளிடம் நடந்த சோதனைகள் நம்பிக்கை தந்திருக்கின்றன.

திண்டுக்கல் சொன்ன பாடம்

இத்தனை நவீனக் கருவிகள் வந்தால்தான் உயிர்கள் பிழைக்குமா என்றால், இல்லை. அதை உலகத்துக்கு நிரூபித்ததே நம் தமிழ்நாடுதான்.

2000ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு ஆரம்பமானது. தலைமை தாங்கியவர் ஆர்.சங்கரநாராயணன். சோதனை முறை இவ்வளவுதான்... பயிற்சி பெற்ற நர்ஸ், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கர்ப்பப்பைவாயில் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கொளியில் பார்ப்பார். மாற்றமடைந்த செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். ஒளியைச் சிதறடிக்கும் தன்மை அந்த இடத்தில் மாறுவதுதான் காரணம். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒருவகை ஒளியியல்தான்!

30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்களுக்கு அழைப்பு போனது. 31,343 பேர் வந்தார்கள். மருத்துவ இதழான 'லான்செட்'டில் 2007ல் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் ஏற்பட்ட மரணங்கள் 35 சதவிகிதமும் குறைந்திருந்தன. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாக ஆரம்பித்த அரசுப் பரிசோதனைத் திட்டம், பிறகு மாநிலமெங்கும் விரிந்தது.

அந்த எண்களை இன்னொரு முறை பார்க்கலாம். அழைக்கப்பட்டும் வராதவர்கள் கிட்டத்தட்ட 18 ஆயிரம் பேர். சோதனை இலவசம், நர்ஸ் ஊருக்கே வருகிறார். அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. வினிகரால் அவர்களை அழைத்துவர முடியவில்லை. வெட்கம், வலி பற்றிய பயம், 'நோய் இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றது' என்ற கலக்கம், ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை... பரிசோதனை என்றாலே பெண்கள் சொல்லும் காரணங்கள் இவை. காலாஸ்கோப் போன்ற கருவிகள் கதவைத் தட்டுவது இந்தப் பெண்களுக்காகத்தான்.

ஆவடி மாணவிக்கு ஒரு கேள்வி

டியூக் மையத்தின் வேலை கருவிகளோடு முடியவில்லை. 'இக்னைட்' என்ற திட்டத்தின் கீழ், அங்குள்ள கல்லூரி மாணவர்கள் கென்யா போன்ற நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒளியையும் மின்சாரத்தையும் சொல்லிக்கொடுத்து, அவர்கள் கையாலேயே டார்ச் விளக்கு செய்யவைக்கிறார்கள். தன் ஊரின் பிரச்னைக்குத் தானே கருவி செய்ய முடியும் என்ற துணிச்சலை அந்த டார்ச் கொடுக்கிறது.

ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளில் பயோமெடிக்கல் படிப்பவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. 'படிச்சு முடிச்சா ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேர் பார்க்குற வேலைதானே' என்று வீட்டில் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எல்.இ.டி, மொபைல் கேமரா, பிளாஸ்டிக் குழல் என்று சாதாரணப் பொருள்களை வைத்தே உலகம் பேசும் கருவியைச் செய்ய முடியும் என்று நிர்மலாவின் குழு காட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைகளும் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் அம்பத்தூர் எஸ்டேட்டில் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போகும் பெண்களிடம், 'உங்களுக்கு எது பயமா இருக்கு அக்கா?' என்று கேட்பதிலிருந்து அடுத்த புராஜெக்ட் ஆரம்பிக்கலாம்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

* 30 வயதைத் தாண்டிய பெண்கள், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேசிய வழிகாட்டுதல், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது.

* ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை இலவசம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிலக்கு நாள்களைத் தவிர்த்துவிட்டுப் போகலாம்.

* சோதனையில் வெள்ளைத்திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமல்ல. அடுத்தகட்டமாகக் கால்போஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அந்த அழைப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

* தாம்பத்யத்துக்குப் பிறகு ரத்தக்கசிவு, இரண்டு மாதவிலக்குகளுக்கு இடையில் ரத்தப்போக்கு, மெனோபாஸுக்குப் பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்... இவற்றில் எது இருந்தாலும் அடுத்த பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* 9 முதல் 14 வயதுக்குள் போடப்படும் ஹெச்.பி.வி தடுப்பூசி நல்ல பாதுகாப்பு தரும். புனேவின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் 'செர்வாவேக்' 2023 முதல் கிடைக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாயை 2025 தமிழக பட்ஜெட் ஒதுக்கியது. தடுப்பூசி போட்டிருந்தாலும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை அவசியம்.

2030க்குள் 90 சதவிகிதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவிகிதப் பெண்களுக்குப் பரிசோதனை, பாதிப்பு தெரிந்தவர்களில் 90 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. விஞ்ஞானிகள் தங்கள் பங்கைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பாக்கெட் கருவி நம் ஊர் நர்ஸின் கைப்பைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வினிகரும் விளக்கும் இன்றைக்கே தயாராக இருக்கின்றன.

அடுத்த முறை சிஸ்டர் கேட்கும்போது, 'அடுத்த வாரம்' என்று சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள். முடிந்தால், பக்கத்து மெஷினில் தைக்கும் அக்காவையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்!